அயினி வேருக்குப் பின்னாலிருந்து வந்த பந்து

என்னை ஆயிரம் தடவை அவுட்டாக்கிய என் சுஜா அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பொறுமை கிடையாது. கதை பாதியில் இருக்கும்போதே, "எலே, கடைசியில என்னாச்சு, அதச் சொல்லு" என்பாய். கடைசியில் ஆனது இதுதான்: போன ஞாயிற்றுக்கிழமை உன் பந்து ஒரு நிஜமான மேட்சில் விழுந்தது. அம்பயர் இருந்தார், ஸ்கோர்போர்டு இருந்தது, டிவி கேமராக்கள் இருந்தன. அரை இறுதி ஆட்டம், கடைசி ஓவர், மூன்றாவது பந்து.

இனி நான் என் இஷ்டத்துக்கு நீட்டிச் சொல்லலாம். நீ குறுக்கே பேச முடியாது என்பது இந்தக் கடிதத்தில் எனக்கு உள்ள ஒரே வசதி.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீ இருந்தபோது நான் ஒரு பெரிய கிரிக்கெட் கிளப்பின் ஆண்கள் அணியில் வேலை பார்த்தேன். முழங்கால் அடிபட்டு என் ஆட்டம் முடிந்துபோன பிறகு எனக்குக் கிடைத்த வேலை, பேட்ஸ்மேன்களுக்குப் பயிற்சிப் பந்து எறிவது. நுனியில் கிண்ணம் வைத்த நீளமான பிளாஸ்டிக் கோல் ஒன்று உண்டு, சைடு ஆர்ம் என்பார்கள். அதில் பந்தை வைத்து நாள் முழுக்க எறிய வேண்டும். உன் பஸ்ஸில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "தம்பிக்கு பெரிய கிளப்பில கல்லெறியுற வேலையாக்கும்" என்று டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொல்வாயாம். டிரைவர் அண்ணன் உன் அடக்கத்துக்கு வந்தபோது அதைச் சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார்.

நீ போன அடுத்த வருடம் எங்கள் கிளப் பெண்கள் அணி ஒன்றையும் தொடங்கியது. அதே பெயர், அதே ஜெர்சி, அதே இருபது ஓவர் ஆட்டம். ஆண்களுக்குச் சாயங்காலம் நெட், பெண்களுக்கு மத்தியான வெயிலில் நெட். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்த சீசன் நீ அங்கே போ என்றார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஒரு படி கீழே இறக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உன்னோடு வளர்ந்த எனக்கே புத்தி அப்படித்தான் போயிற்று பார்.

முதல் நாள், பெண்கள்தானே என்று கொஞ்சம் கை தாழ்த்தி எறிந்தேன். நான்காவது பந்தை ஒருத்தி திருப்பி அடித்ததில் அது என் காதை உரசிக்கொண்டு பின்னால் போனது. பக்கத்து நெட்டிலிருந்து ஒரு குரல், "அண்ணா, ஒறக்கமா?" என்றது. நம் ஊர்ப் பேச்சு. திரும்பிப் பார்த்தேன். அவள்தான் ரம்யா. அதியன்னூர்க்காரி, அம்மா விளவங்கோடு பக்கம். ஆஃப் ஸ்பின் போடுவாள், வாய் ஓயாது. உனக்குப் பிடித்திருக்கும்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் உன் பந்து என்னவென்று சொல்லியாக வேண்டும். பாறசாலையில் நம் வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. பந்து போடுகிற பக்கம் ஒரு அயினி மரம். அதன் வேர் ஒன்று, பவுலர் கால் வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், தரைக்கு மேலே குறுக்கே ஓடியிருந்தது. பையன்கள் எல்லோரும் அந்த வேரைத் தாண்டிக் குதித்துதான் பந்து போடுவோம். நீ ஒரு தடவை தாண்டி விழுந்து பல் உடைந்த பிறகு, தாண்டுவதையே விட்டுவிட்டாய். வேருக்கு அந்தப் பக்கமே நின்று, மரத்தின் மறைவிலிருந்து போட்டாய்.

கை முழு வேகத்தில் சுற்றும். பேட்ஸ்மேன் அந்தக் கையைப் பார்த்து மட்டையை வீசுவான். பந்தோ இரண்டு எட்டு பின்னாலிருந்து புறப்பட்டதால் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அவன் வீசி முடித்து, என்ன நடந்தது என்று யோசிக்கும்போது சாவகாசமாக வந்து ஸ்டம்பில் படும். எனக்குப் பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை இதுதான் நடந்தது. வெளியில் நான், அக்காதானே என்று விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பந்தை நீ எந்த மேட்சிலும் போட்டதில்லை. ஊர் டோர்னமெண்டில் பெண்ணைச் சேர்க்கமாட்டார்கள். உனக்கு ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. அது எப்படிக் கெட்டது என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

எல்லையில் இருக்கிற நம் வீட்டு ஏற்பாடு உனக்குத் தெரியும். நீ அப்பாவின் ரேஷன் கார்டில், கேரளப் பக்கத்துப் பாறசாலை விலாசத்தில் இருந்தாய். என்னைத் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக மாமாவின் கார்டில் எழுதிவைத்தார்கள். ஒரே சட்டியில் சோறு தின்கிற இரண்டு பேர் காகிதத்தில் இரண்டு மாநிலம். அந்த வருடம் நாகர்கோவிலில் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே நாளில் கிரிக்கெட் அணித் தேர்வு வைத்தார்கள். நான் வந்து உன்னிடம் சொன்னேன்: "நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே எடம், ஒரே பஸ்."

அதே நாளில் திருவனந்தபுரத்தில் பெண்களுக்குத் தனியாகத் தேர்வு இருந்தது. அந்த நோட்டீஸை நான் பாறசாலை கிளப் வாசலில் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டேன். சொன்னால் நீ அந்தப் பஸ்ஸில் ஏறுவாய், நான் இந்தப் பஸ்ஸில் தனியாக ஏற வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான், அக்கா.

நாகர்கோவிலில் மேஜைக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். என் காகிதத்தைப் பார்த்து உள்ளே போ என்றார். உன்னுடையதைப் புரட்டினார். "கேரளா அட்ரஸால்ல இருக்கும்மா. அங்க போய்ப் பாரு" என்றார். நீ கெஞ்சவில்லை. "ஒரு பந்து போட்டுக் காட்டட்டா சார்?" என்று மட்டும் கேட்டாய். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சட்டப்படி செய்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் வரை மதில்மேல் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தேர்வாகிவிட்டேன் என்று நான் ஓடிவந்தபோது, "கொள்ளாம்லே" என்று முதுகில் ஒன்று போட்டு, பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தந்தாய். அந்த வருடத்தோடு உன் வயது வரம்பு முடிந்தது. நான் கிரிக்கெட்டுக்குள் போனேன். நீ பரீட்சை எழுதி பஸ் கண்டக்டர் ஆனாய். அதன் பிறகு வழியில் எந்தப் பையன்களின் பந்தாவது பஸ்ஸுக்குள் வந்து விழுந்தால் அதை எறிந்து கொடுத்ததுதான் உன் பவுலிங்.

இனி ரம்யா கதைக்கு வருகிறேன்.

ஒரு மத்தியானம் சைடு ஆர்ம் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போய், கோலைக் கீழே வைத்துவிட்டு, சும்மா கையால் பின்னாலிருந்தே ஒரு பந்தைப் போட்டேன். மட்டையோடு நின்றிருந்த ரம்யா முன்கூட்டியே வீசிவிட்டுச் சிரித்தாள். "இதென்ன பந்தண்ணா?" என்றாள்.

"எங்க அக்காளுக்க பந்து."

"அக்கா எந்த டீமு?"

"ஒரு டீமும் இல்ல" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அன்று பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்து, அதை எப்படிப் போடுவது என்று சொல்லித் தரச் சொன்னாள்.

"பிள்ளே, எனக்குப் போடத் தெரியாது. அவுட்டாகத்தான் தெரியும்" என்றேன்.

நான் போட்டது உன் பந்தின் நிழல்கூட இல்லை. ஆனால் அது சரியாக வந்தால் மட்டையின் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதனால் நான் பேடு கட்டிக்கொண்டு நின்றேன். பந்து போடுகிற பக்கத்து ஸ்டம்புக்கு இரண்டு எட்டு பின்னால் சுண்ணாம்பில் வளைந்த கோடு ஒன்று போட்டுக் கொடுத்தேன். மைதானம் பார்க்கிறவர் இது என்ன கோடு என்று கேட்டார். வேர் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

தினமும் எல்லோரும் போன பிறகு முப்பது பந்து. அவள் போடுவாள், நான் அடிப்பேன். அடித்துவிட்டு, "இது இல்ல" என்பேன். கை தாமதமாகச் சுற்றுகிறது, எனக்குத் தெரிந்துவிடுகிறது. இது இல்ல. தோள் முன்னாடியே சாய்கிறது. இது இல்ல. அவளுக்குக் கோபம் வந்து ஒருநாள் பந்தைத் தரையில் அடித்தாள். பந்துவீச்சு கோச் பார்த்துவிட்டு, இது தெருவில் காட்டுகிற வித்தை, நல்ல பேட்டர் ஒரு எட்டு இறங்கிவந்து வெளியே அனுப்பிவிடுவாள், மேட்சில் போடாதே என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. அவள் ஓடி வந்தாள், கை சுற்றியது, நான் வீசினேன். மட்டை முழுவதும் சுற்றித் தோளுக்குப் போன பிறகு பந்து வந்தது. நடு ஸ்டம்பு. நான் அப்படியே கிரீஸில் உட்கார்ந்துவிட்டேன். ரம்யா ஓடிவந்து, "அண்ணா, முட்டு வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இதாக்கும்" என்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீ என்னை அவுட்டாக்கினாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அரை இறுதி. அதே மைதானத்தில் அதன் பிறகு ஆண்கள் மேட்ச். அதற்கு வந்த கூட்டம் கடலைப் பொட்டலத்தோடு படிகளில் நின்றே எங்கள் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. எதிர் அணிக்குக் கடைசி ஓவரில் எட்டு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ஆனால் களத்தில் நின்றவள் அன்று யார் போட்டாலும் அடித்துக்கொண்டிருந்தாள். வேகப்பந்துக்காரிகளின் ஓவர்கள் தீர்ந்துவிட்டன. கேப்டன் பந்தை ரம்யாவிடம் கொடுத்தாள்.

முதல் பந்தில் இரண்டு. இரண்டாவது பந்தில் நான்கு. இனி இரண்டு ரன், நான்கு பந்து. ரம்யா திரும்பி எங்கள் பக்கம் பார்த்தாள். கோச் என்னைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன். மறுபடி தலையைத் தூக்கியபோது அவள் அம்பயருக்குப் பின்னால் ஷூ முள்ளால் தரையில் ஒரு கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். வளைந்த கோடு.

ஓடி வந்தாள். அம்பயரின் மறைவிலேயே நின்றுவிட்டாள். கை சுற்றியது. அந்தப் பெண் சிக்ஸருக்கு வீசிய வீச்சு அழகாகத்தான் இருந்தது. வீசி முடித்துப் பந்து எங்கே என்று மேலே பார்த்தாள். பந்து கீழே வந்துகொண்டிருந்தது. ஆஃப் ஸ்டம்பின் தலையில் தட்டியது, பெயில் விழுந்தது.

எங்கள் பெண்கள் ஓடினார்கள். அதற்குள் அவுட்டானவள் கையைத் தூக்கி அம்பயரிடம், அவ்வளவு தூரத்திலிருந்து போடலாமா என்று கேட்டாள். அம்பயர் மற்ற அம்பயரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பேசினார்கள். பிறகு மேலே டிவி பார்க்கிற மூன்றாவது அம்பயரிடம் கேட்டார்கள். மைதானம் முழுக்கப் பெரிய திரையைப் பார்த்தது.

எனக்கு நாகர்கோவில் மேஜை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் ஒருவர் புரட்டிக்கொண்டிருந்தார், நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். இவர்களும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். திரையில் ரம்யாவின் கால் தெரிந்தது. கோட்டுக்கு முன்னால் போனால்தான் தப்பு. பின்னாலிருந்து போடுவதற்குத் தடை இல்லை. அம்பயர் விரலைத் தூக்கினார். ஒரு ரன்னில் ஜெயித்தோம். நான் டக்அவுட்டில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். கோச் கண்டும் காணாததுபோல் தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அதிலும் ரம்யா உன் பந்தைப் போட்டாள். வீடியோ பார்த்துவிட்டு வந்தவள் ஒருத்தி இறங்கிவந்து அதை சிக்ஸ் அடித்தாள். கோச் சொன்னது அப்படியே நடந்தது. ரம்யா அடுத்ததும் அதையே போட்டாள், அதில் சிக்ஸ் அடித்தவள் அவுட். நீயாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாய், பிடிவாதக்காரி.

மறுநாள் ரம்யா அந்த வேரைப் பார்க்க வேண்டும் என்றாள். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த நிலத்தில் இப்போது லாரி ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அயினி நிற்கிறது, வேரும் இருக்கிறது, அதன்மேல் பழைய டயர் நாலைந்து கிடந்தன. ரம்யா டயர்களை உருட்டிவிட்டு வேருக்கு அந்தப் பக்கம் நின்று கையைச் சுற்றிப் பார்த்தாள். மெக்கானிக்குகள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டில் அம்மா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்தாள். "இவளாக்கும் டிவியில வந்தவ? இரி மக்களே" என்று ரம்யாவின் தட்டில் குவித்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் நான் அந்த நாகர்கோவில் கதையைச் சொல்லிவிட்டேன், திருவனந்தபுரம் நோட்டீஸை மறைத்தது உட்பட. இவ்வளவு வருடம் நெஞ்சில் கிடந்தது. அம்மா அடிப்பாள் என்றே நினைத்தேன்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். உன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மலையாளப் பத்திரிகையில் வெட்டியது. திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான தேர்வு, நாள், நேரம். நேரத்துக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தாய்.

"நீ மறச்சியாக்கும்" என்றாள் அம்மா. "அவ அதுக்கு முன்னாலயே வெட்டி வச்சிருந்தா. நான் கேட்டேன், பிள்ளே நீ திருவனந்தபுரம் போவல்லியான்னு. அவன் தனியா எப்பிடிம்மா போவான், பேடிச்சு பாதியில எறங்கிருவான்னா. நாகர்கோவில்லயே எனக்கும் பந்து போடக் குடுப்பாவ, குடுக்கலன்னா நான் கேட்டு வாங்குவேன்னா."

கையிலிருந்த மரச்சீனியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ரம்யாதான் தண்ணீரை நகர்த்திவைத்தாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? அந்த மதிலில் உட்கார்ந்திருந்தபோது என்ன நினைத்தாய்? பழம்பொரி வாங்கித் தந்தபோதாவது சொல்லியிருக்கலாமே. சொன்னால் நான் ஆடமாட்டேன் என்று நினைத்தாயா? உண்மையைச் சொல்கிறேன், அக்கா, அந்தக் காகிதத்தைப் பார்த்ததிலிருந்து உன்மேல் எனக்குக் கோபம். என் பயத்துக்காக உன் பந்தை விட்டுக்கொடுக்க உனக்கு யார் சொன்னது? நான் பாதியில் இறங்கியிருந்தால் இறங்கியிருப்பேன். நடந்து வீட்டுக்கு வந்திருப்பேன். அப்படி ஒரு தம்பி உனக்கு இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கோபம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக உன்மேல் பாசம் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு நாள் யோசித்தேன். பிறகு கிளப்புக்குப் போனேன்.

மேனேஜர் நல்ல மனநிலையில் இருந்தார். அடுத்த சீசன் ஆண்கள் அணிக்கே திரும்பி வந்துவிடு என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு ஆச்சரியம். வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். அடுத்த மாதம் நெய்யாற்றின்கரையில் பெண்கள் அணிக்குப் புதிய ஆட்களைத் தேடித் திறந்த தேர்வு வைக்கிறோம். அதில் வாசல் மேஜையை எனக்குத் தாருங்கள் என்றேன். அது ஆபீஸ் ஆட்கள் பார்க்கிற வேலை என்றார். இந்த வருடம் நான் பார்க்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, சரி என்றார்.

அந்த மேஜையில் நான் இருப்பேன். யார் எந்தப் பக்கத்து விலாசத்தோடு வந்தாலும் சரி, கார்டு இல்லாமல் வந்தாலும் சரி, தம்பிக்குத் துணையாக வந்து மதிலில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கூப்பிட்டு முதலில் கையில் ஒரு பந்தைக் கொடுப்பேன். போட்டுக் காட்டிய பிறகுதான் காகிதம் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. ரம்யாவும் வாறேன் என்று சொல்லியிருக்கிறாள், சுண்ணாம்பு அவள் பொறுப்பு.

உன் பந்தை ஒரு தடவைகூட அடித்ததில்லை, அடித்ததாகவும் விட்டுக்கொடுத்ததாகவும் ஊரெல்லாம் பொய் சொன்ன,
உன் தம்பி
பிஜு